‘போல’ என்ற குற்றம்

ஒரு கவிதை உவமைத் தளத்திலேயே நின்றுவிட்டது, படிமமாக உயரவில்லை என்று தீர்ப்புச் சொல்லும் மதிப்புரைகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. தீர்ப்புச் சொல்பவர்கள் யாரும் ‘உயர்வது’ என்றால் என்னவென்று இதுவரை சொன்னதில்லை. அவர்கள் மனதில் ஒரு ஏணி இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. கீழ்ப்படியில் உவமை. அதற்கு மேல் உருவகம். அதற்கும் மேல் படிமம், பிறகு குறியீடு, அப்புறம் தொன்மம். எல்லாவற்றுக்கும் மேலே, மொட்டை மாடியில், யாருக்கும் ஒன்றும் விளங்காத ஒரு நிலை. கவிஞனாகப்பட்டவன் இந்த ஏணியில் எத்தனையாவது படியில் நிற்கிறான் என்று அண்ணாந்து பார்த்துச் சொல்வதே விமர்சனம் என்று ஆகிவிட்டது.

இந்த ஏணி பொய் என்பது என் கட்சி. உவமையும் உருவகமும் ஒன்றுக்குமேல் ஒன்றான பதவிகளல்ல. இரண்டும் இரண்டு விதமான கூற்றுகள். ஒரு கூற்றை யார் சொல்கிறார்கள், என்ன தெரிந்து சொல்கிறார்கள், சொல்லப்படும் பொருளுக்கும் சொல்பவருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று கேட்காமல், அதன் பெயர் என்ன என்று மட்டும் கேட்பது பள்ளிக்கூடக் காரியம். பண்டிதர்களைக் கேலி செய்தபடியே பண்டிதர்களின் வேலையைத்தான் நாம் தொடர்ந்துகொண்டிருக்கிறோம்.

ஏணி எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 1959 ஜனவரியில் செல்லப்பா ‘எழுத்து’ ஆரம்பித்தபோது எதிரே இருந்தது செய்யுள் வியாபாரம். சந்தம் தானாக ஓடும். முகம் என்றால் மதி வரும், கண் என்றால் கயல் வரும். அதற்கு எதிராக, கண்ணால் பார்த்ததைச் சொல் என்று கேட்க வேண்டியிருந்தது. படிமம் என்ற சொல் அந்தச் சண்டையில் ஆயுதமாகப் பயன்பட்டது. 1962-ல் ‘புதுக் குரல்கள்’ தொகுதி வந்தபோது அந்தச் சொல்லுக்கு நியாயமான தேவை இருந்தது. சண்டை முடிந்த பிறகு ஆயுதத்தைப் பூஜையில் வைத்துவிட்டோம். படிமம் என்பதற்குத் தமிழில் விக்கிரகம் என்ற பொருளும் உண்டென்பது இந்த இடத்தில் ஒரு வசதி. 1971-ல் கோவையிலிருந்து வந்த ‘வானம்பாடி’யின் உருவக வெள்ளத்தை நம்மவர்கள் பரிகசித்தார்கள், சரியாகவே பரிகசித்தார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ‘போல’ என்ற சொல்லைக் கவிதையிலிருந்து துரத்தியதில் இரு தரப்பும் ஒரே கட்சி. ஒருவர் முழக்கத்துக்காகத் துரத்தினார், மற்றவர் இறுக்கத்துக்காக.

இதற்குச் சாட்சியாக எஸ்ரா பவுண்டைக் கூப்பிடுகிறார்கள். 1913 மார்ச் மாதம் சிகாகோவின் ‘பொயட்ரி’ இதழில் கவிஞர்கள் செய்யக்கூடாதவை பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியவர், அடுத்த மாதமே அதே இதழில் பாரிஸ் சுரங்க ரயில் நிலையத்தைப் பற்றிய இரண்டு வரிக் கவிதையை வெளியிட்டார். கூட்டத்தில் தெரியும் முகங்கள் ஒரு வரி, ஈரக் கிளையில் இதழ்கள் இன்னொரு வரி. நடுவில் ‘போல’ இல்லை. ஆகவே ‘போல’ இல்லாததே நவீனம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நடுவில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. 1913-ல் அங்கே ஒரு முக்காற்புள்ளி இருந்தது. பிறகு பவுண்டு அதை அரைப்புள்ளியாக மாற்றினார். நிறுத்தற்குறியை மாற்றும் அளவுக்கு அந்த இடைவெளி அவருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. முகமும் இதழும் ஒன்றாகிவிடாமல், ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க வேண்டும். அந்தப் புள்ளி அங்கே செய்கிற வேலை ‘போல’வின் வேலைதான்.

பவுண்டுக்கும் பின்னால் அரிஸ்டாட்டில் இருக்கிறார். ‘ரெட்டரிக்’ மூன்றாம் புத்தகத்தில், உவமை என்பது ஒரு சொல் கூடிப்போன உருவகம், நீளமாக இருப்பதால் குறைவாக இனிக்கிறது என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். ஐரோப்பிய விமர்சனத்தில் உவமைக்குக் கிடைத்த இரண்டாந்தர ஸ்தானத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அது கிரேக்க மொழியைப் பற்றிய பேச்சு. தமிழின் நிலைமை வேறு. மதிமுகம் என்றால் உவமைத்தொகை, முகமதி என்றால் உருவகம் என்பது எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். இரண்டிலும் ‘போல’ இல்லை. இரண்டும் ஒரே நீளம். எது முன்னே, எது பின்னே என்பதில்தான் வித்தியாசம். உருபைத் தொக்கவிடுவது தமிழில் பவழவாய், தேன்மொழி என்று யாரும் செய்கிற அன்றாடக் காரியம். அதைப் புதுமையின் அடையாளமாக நீட்டுகிறவர்கள் தங்கள் மொழியின் இலக்கணத்தை இங்கிலீஷ் வழியாகப் படித்தவர்கள் என்று படுகிறது எனக்கு.

தொல்காப்பியத்தைத் திறந்து பார்க்கச் சொன்னால் என்னைப் பழமைவாதி என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியலுக்கும் செய்யுளியலுக்கும் நடுவே உவமவியல் இருக்கிறது. உருவகத்துக்குத் தனிச் சிம்மாசனம் எதுவும் அங்கே கிடையாது. இருப்பது உவமம். வினை, பயன், மெய், உரு என்ற நான்கை வைத்து உவமம் பிறக்கிறது என்று சொல்லிவிட்டு, உவம உருபுகளாக 36 சொற்களை அவர் அடுக்குகிறார். நம்முடைய ‘போல’ அந்த 36-ல் ஒன்று, அவ்வளவுதான். மற்றவற்றைப் பாருங்கள்: எள்ள, கள்ள, வெல்ல, மறுப்ப, வியப்ப, மருள, நடுங்க, ஓட. எல்லாம் வினைகள். ஒரு பொருள் இன்னொன்றை எள்ளுகிறது; ஒன்றின் குணத்தை மற்றொன்று களவாடுகிறது; ஒன்று வெல்ல, ஒன்று நடுங்குகிறது; ஒன்று ஒப்புமையை மறுக்கிறது. ஒப்புமை என்பது இரண்டு பொருள்களுக்கு இடையில் நடக்கிற ஒரு சம்பவம் என்று இந்தச் சொற்களைப் புழங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமது மதிப்புரைக்காரர்களுக்கு அது தட்டையான ஒரு சமன்பாடு. எனவே சமக்குறியை நீக்கினால் கவிதை உயரும் என்று நினைக்கிறார்கள்.

அதே உவமவியலில் இன்னொரு விஷயம் இருக்கிறது. உருபு எதுவும் இல்லாமல், நிலத்தின் காட்சியையே சொல்லி இன்னொன்றை உணர்த்துவது உள்ளுறை. நம்மவர்கள் பாஷையில் ‘தூய படிமம்’. இதை யார் எப்படிச் சொல்லலாம் என்று தொல்காப்பியர் வகுக்கிறார். தலைவி சொன்னால் அவள் அறிந்த பொருளாக இருக்க வேண்டும். தோழி அந்த நிலத்தை விட்டு வெளியே போய்ச் சொல்லக்கூடாது. தலைவன் சொன்னால் அவனுடைய உரன் அதில் தெரிய வேண்டும். மற்றவர்களுக்கு இடவரையறை இல்லை. இதைப் படித்துவிட்டு, பெண்ணுக்கு விலங்கு, ஆணுக்குச் சலுகை என்று ஒருவர் கோபப்படலாம். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் விதிக்குப் பின்னால் இருக்கிற கேள்வியைக் கவனிக்க வேண்டும். இந்தக் காட்சியைச் சொல்கிற வாய் யாருடையது? அந்த வாய்க்கு இது தெரிந்திருக்க முடியுமா? அலங்காரத்தை அறிவோடு கட்டிப்போட்ட இந்தக் கேள்வியை நான் வேறு எந்தக் கையேட்டிலும் இவ்வளவு நேராகப் பார்த்ததில்லை.

மதுரை மதில்மேல் ஆடும் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் உள்ளே வராதீர்கள் என்று தடுப்பதாக இளங்கோ சொல்லும் இடத்தை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். கீழே ‘தற்குறிப்பேற்ற அணி’ என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருப்போம். இயல்பாக நடப்பதன்மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றுகிறான் என்று விளக்கம். அந்த விளக்கத்தில் கதையே இல்லை என்பதைக் கவனியுங்கள். காற்றில் கொடி ஆடுகிறது. அதைக் கோவலன் பார்த்திருந்தால் கொடி என்றுதான் பார்த்திருப்பான். உள்ளே நடக்கப்போவது அவனுக்குத் தெரியாது. கதை சொல்பவனுக்குத் தெரியும். கேட்கிற நமக்கும் தெரியும். தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் நடுவே அந்தக் கொடி ஆடுகிறது. இதை அணி என்று பெயர் சொல்லி மூடிவிட்டால், நமக்குத் தெரிந்தும் சொல்ல முடியாத அந்தத் தவிப்பு எங்கே போகும்? இளங்கோ அங்கே ‘போல்’ என்றுதான் சொல்கிறார் என்பதையும் ஏணிக்காரர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். கொடிகள் நிஜமாகவே பேசிவிட்டிருந்தால் கோவலனுக்கும் கேட்டிருக்கும்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். நெசவாளர் குடும்பத்துப் பையன் ஒருவன் தன் கவிதையை எனக்குக் காட்டினான். அவன் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்திருப்பது போலக் கால்களைத் தொங்கவிட்டு, ஒரு பாதத்தை மட்டும் மெல்ல அழுத்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு வரிக்கு முன்பே, தறியை விற்ற விஷயம் போகிறபோக்கில் சொல்லப்பட்டுவிட்டது. வேறு ஒன்றும் இல்லை கவிதையில். இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறான். ஆசிரியர் ‘போல’வை அடித்துவிட்டு, கட்டிலையே தறிக்குழி ஆக்கி, படிமமாக்கிப் பிரசுரித்திருக்கிறார். பையனுக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்ததாம்.

என்ன நடந்தது என்று பாருங்கள். ‘போல’ என்றபோது, இது அது இல்லை என்ற செய்தியும் கூடவே வந்தது. கட்டிலுக்குக் கீழே குழி இல்லை, மிதி இல்லை, சிமெண்ட்டுத் தரைதான் இருக்கிறது, அதுவும் பாதத்துக்கு எட்டாத தூரத்தில். நாற்பது வருஷம் மிதித்த கால் இல்லாத மிதியைத் தேடுகிறது. அந்த வெறும் இடத்துக்குக் கவிதையில் ஒரே பிரதிநிதி ‘போல’ என்ற இரண்டெழுத்துதான். கட்டில் தறிக்குழி ஆனதும் மிதியும் வந்துவிட்டது, பாவும் ஊடையும் வந்துவிட்டன, கால் தேடியதைக் கண்டுபிடித்துவிட்டது. விற்ற தறியைப் பத்திரிகை ஆசிரியரே மீட்டுக் கொண்டுவந்து வார்டில் போட்டுவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் கவிதை பொய்யாகிவிட்டது. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு இதுதான் காரணம். அரிஸ்டாட்டிலுக்கும் எனக்கும் வேறு தகராறு இல்லை.

உருவகமே கூடாது என்று சொல்வதாக யாராவது எடுத்துக்கொண்டால் அது என் பிழையல்ல. ஒப்பாரியில் ஒருத்தி செத்துக்கிடக்கும் புருஷனை ராசா என்கிறாள், தேர் சாய்ந்துபோச்சே என்கிறாள். அங்கே ராசா போன்றவனே, தேர் போன்றவனே என்று அழச் சொன்னால் அதைவிடக் கொடூரம் கிடையாது. அவளுக்கும் அந்தப் பிணத்துக்கும் இடையில் உருபு நுழையக்கூட இடமில்லை. தூரமில்லாத இடத்தில் உருவகம். மகனுக்கும் கட்டிலோரத்து அம்மாவுக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. அவன் நின்று பார்க்கிறான். அவளுடைய வேலையை அவன் செய்ததில்லை. அங்கே உவமை. இதில் எது உயர்ந்த படி?

ஏணியின் உச்சியில் நடப்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். உதாரணம் காட்ட யாருடைய கவிதையையும் எடுக்கப்போவதில்லை. நானே தயாரித்துத் தருகிறேன்: ‘என் இரவின் எலும்புகளுக்குள் காலத்தின் பச்சோந்தி முட்டையிடுகிறது.’ காப்பி ஆறுவதற்குள் இப்படி இருபது வரி எழுதலாம், விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இப்போது எலும்பை நரம்பாக்குங்கள். பச்சோந்தியைப் பல்லியாக்குங்கள், காலத்தை மௌனமாக்குங்கள், இரவைப் பகலாக்கினாலும் சரி. வரி முனகக்கூட இல்லை. எதை மாற்றினாலும் எதிர்ப்புத் தெரிவிக்காத வரியில் பார்த்தது என்று எதுவும் இல்லை. இதற்கு ‘அடர்த்தியான படிமம்’ என்று பாராட்டு எழுதவும் நம்மிடையே ஆள் உண்டு.

மாறாக, தஞ்சாவூர்ப் பக்கத்தில் நெல்லைப் பற்றிப் பேசும்போது தொண்டைக்கதிர் என்பார்கள். கதிர் உருவாகி, இன்னும் வெளியே வராமல், இலையுறைக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும் பருவம். பயிருக்குத் தொண்டை இருக்கிறது என்று முதலில் பார்த்தவன் யாரென்று தெரியாது; அவனுக்கு எந்தப் பத்திரிகையும் மதிப்புரை எழுதவில்லை. தொண்டையை எடுத்துவிட்டு மார்புக்கதிர், வயிற்றுக்கதிர் என்று வைத்துப் பாருங்கள். வைக்க முடியாது. பயிர் சம்மதிக்காது. சொல்லப்போகும் வார்த்தை தொண்டையில் நிற்பதுபோல அந்தக் கதிர் அங்கே நிற்கிறது. அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் அந்தப் பெயரில் இருக்கிறது. விவசாய இலாகாத் துண்டுப் பிரசுரத்தில் அச்சாகும் சொல் இது. எங்கள் கவிதைகளில் பெரும்பாலானவற்றைவிட இதில் கண் அதிகம் வேலை செய்திருக்கிறது.

அணி என்ற சொல்லாலேயே பாதி நாசம். அணி என்றால் நகை. நகை என்றால் கழற்றலாம், அடகு வைக்கலாம். இந்த அபத்தம் புதிதல்ல. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் இதைப் பார்த்து அப்போதே எரிச்சல்பட்டிருக்கிறார். சாத்தனையும், சாத்தன் போட்டிருக்கும் முடியையும் தொடியையும் வேறு வேறாகக் காண முடிகிறது. அணி என்றால் செய்யுளிலும் அப்படி வேறாகக் காண முடிய வேண்டுமே என்று கேட்கிறார். கேள்வி அப்படியே கிடக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குப் போட்டித் தேர்வுகளில் ‘பொருத்துக’ என்று அந்தப் பட்டியல் நடமாடுகிறது. பண்டிதர் பட்டியலில் வேற்றுமையணியும் நிரல்நிறையும். நம் பட்டியலில் படிமமும் இருண்மையும். ‘பொருத்துக’ ஒன்றேதான்.

அலங்காரமே வேண்டாம், நேராகச் சொல்கிறேன் என்று இன்னொரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. அவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு, ஆனால் தங்களைப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களாக அவர்கள் எண்ணிக்கொள்ள வேண்டாம். தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளில் முதலாவது தன்மை. உள்ளதை உள்ளபடி சொல்வது. உவமைகூட அதற்கு அடுத்துத்தான். உள்ளதை உள்ளபடி சொல்வதும் ஒருவர் செய்கிற ஒரு கூற்றுத்தான். யார், என்ன தெரிந்து என்ற கேள்வி அங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நண்பர்கள் ஒரு ஆட்சேபம் சொல்வார்கள், அது லேசானதல்ல. உள்ளுறை நடக்க, சொல்பவனும் கேட்பவனும் ஒரே நிலத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த நிலம் இப்போது இல்லையே, நெய்தலும் மருதமும் அடுக்குமாடியில் எங்கே என்பார்கள். உண்மை. அதனால்தான் உருபு முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது. தறிக்குழி தெரியாத வாசகனுக்கு ‘போல’ என்று கைபிடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. நகரத்துக் கவிஞன் நிலம் பெயராமல் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவன் தொல்காப்பியர் சொன்ன ‘மற்றவர்கள்’ வரிசையில் வந்துவிட்டவன், எங்கும் போகலாம். ஆனால் ரேஷன் கடை வரிசையையும் மின்சார ரயிலையும் அன்றாடம் அறிந்தவன், அவற்றை விட்டுவிட்டு, தான் பார்த்திராத பாலைவனத்தில் போய் ஒட்டகம் மேய்ப்பது ஏன்?

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். நெல்லைக்காரன் ‘மாடு கணக்கா’ என்கிறான். கோயமுத்தூர்க்காரன் ‘மாடாட்டம்’ என்கிறான். சென்னையில் ‘மாடு மாதிரி’. 36 உருபுகள் அச்சில் சுருங்கிப்போனாலும் பேச்சில் இன்னும் சாகவில்லை. ‘கணக்கா’ என்றதும் ஒரு ஊரும் ஒரு வாயும் வந்துவிடுகின்றன. நமது பத்திரிகைகளில் ஒருவர் இதையெல்லாம் முதலில் ‘போல’ என்று திருத்துகிறார். அப்புறம் அந்தப் ‘போல’வையும் எடுத்துவிடுகிறார். அடுத்த இதழில் எனக்கு மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். எழுதுகிறவர், உவமையிலிருந்து படிமத்துக்கு ‘உயர்வது’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு மேலே போகட்டும். தறிக்குழிக் கவிதையின் கையெழுத்துப் பிரதி, அடித்தல் எதுவும் இல்லாமல், என்னிடம் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.